வடக்குச் சுவரில் நான்கு திருகாணிகள்

1. இதை எழுதும் நான் உன் உடன்பிறந்த அண்ணன், வயது ஐம்பத்து மூன்று, தொழில் வழக்கறிஞன். நீ குடியிருக்கும் நூற்று முப்பத்தோராம் எண் வீடு உட்பட நூற்று முப்பத்தேழு வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, பொருத்திக் கொடுத்த நிறுவனத்துக்குக் கடந்த ஆறு ஆண்டுகளாகச் சட்ட ஆலோசகன்.

2. இதை நல்ல நினைவோடும், எவருடைய தூண்டுதலும் இன்றியும், ஒருவருடைய தடையை மீறியும் எழுதுகிறேன். அந்த ஒருவர் யார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

3. மேற்கொண்டு வாசிக்குமுன் நீ செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடு. இரண்டு சன்னல்களையும் கதவையும் முழுதாகத் திற. பெரியவளையும் சின்னவள் சுண்டெலியையும் எழுப்பி வாசலுக்கு வெளியே அழைத்துப் போ. மழை பெய்தாலும் போ. குளிர்ந்தாலும் போ. மற்றதை வெளியே நின்றுகொண்டு வாசி.

4. இந்தத் தாளைக் கொண்டுவருபவர் உன் வீட்டு வடக்குச் சுவரில் உள்ள வட்டத் தகட்டைக் கழற்றுவார். அவரைத் தடுக்காதே. அதனால் உன் வீட்டின் முப்பது ஆண்டு உத்தரவாதம் ஒரு நாள்கூடக் குறையாது. நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம் உடையவனாக இதை எழுதித் தருகிறேன். அந்த அதிகாரம் இன்று மாலை ஐந்து மணிக்கு என்னிடமிருந்து எடுக்கப்படும். இப்போது காலை மணி ஒன்பது இருபது.

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

வழக்கமாக, நலம் என்றும் நலமறிய ஆவல் என்றும் தொடங்குவேன். இன்று முதலாவதை எழுத எனக்கு உரிமை இல்லை. இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதம் கொண்டுவருபவரை உனக்குத் தெரியும். பொருத்துநர் குழுவின் மேஸ்திரி. காதுமடலில் திருகாணி முடுக்கும் சின்னத் திருப்புளி ஒன்றைச் செருகிக்கொண்டே திரிவதால் தொழிற்சாலையில் அவருக்குத் திருப்புளி என்றே பெயர். போன ஆண்டு உன் வீட்டின் இரண்டு பாதிகளையும் கிரேனில் இறக்கி, நடுவில் முடுக்கி, ஒரே பகலில் ஒரு வீடாக்கியவர் அவர்தான். “வீடு பொருந்திடுச்சும்மா, இனி உங்க வீட்டுக்காரர் வந்து பொருந்துறதுதான் பாக்கி” என்று அவர் சொன்னதை நீ சிரித்துக்கொண்டே எனக்குப் போனில் சொன்னாய். மாப்பிள்ளை அப்போதும் லாரியோடு தூரத்தில் இருந்தார். இப்போதும் அப்படித்தான், புயலுக்கு முன்பே எல்லை தாண்டிவிட்டதாக அவருடைய முதலாளி சொன்னார். அவரைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ மேஸ்திரியை உள்ளே விடமாட்டாய் என்ற பயத்தினால்தான் கடிதத்தைப் பத்திரம்போல் எழுதுகிறேன். சுவர் வண்ணம் பார்க்க வந்த மேற்பார்வையாளரை நீ வாசலிலேயே நிறுத்தியது நினைவிருக்கிறதா? “ரெண்டு சாட்சிக் கையெழுத்தோட பேப்பர் இருந்தா உள்ள வாங்க. இல்லன்னா அங்கிருந்தே பாத்துட்டுப் போங்க. எங்கண்ணன் சொல்லியிருக்காரு” என்றாயாம். அவர் நனைந்த தலையோடு என் அறைக்கு வந்து, “சார், நீங்க வக்கீல்னா உங்க தங்கச்சி ஜட்ஜு” என்று முறையிட்டார். அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை நான் மறைக்கவில்லை. எதிர் அறைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ கேட்கும் அந்த இரண்டு கையெழுத்துகளும் இந்தக் கடிதத்தின் கடைசித் தாளில் இருக்கின்றன. பார்த்துக்கொள். பிறகு வழி விடு.

இனி அந்தத் தகட்டைப் பற்றி. படுக்கை அறையின் வடக்குச் சுவரில், கூரைக்கு ஒரு சாண் கீழே, உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. நான்கு திருகாணிகள். மேலே சிவப்பு ஒட்டுத்தாள். அதில் ‘தொழிற்சாலை முத்திரை, அகற்றக் கூடாது’ என்ற வாசகம். தகட்டுக்குப் பின்னால் சுவரின் முழுக் கனத்துக்கும் ஒரு நுரைக்கட்டை அடைத்திருக்கிறது. அது வீட்டின் உறுப்பு அன்று. லாரியில் வரும் வழியில் தூசியும் மழையும் உள்ளே போகாமல் இருப்பதற்காக வைத்த அடைப்பு. வீட்டை அடித்தளத்தில் இறக்கி வைத்த அன்றே அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். அந்தத் துளை வழியாகத்தான் வீட்டுக்கு வெளிக்காற்று வரவேண்டும். மின்விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும், மின்சாரம் இருந்தாலும் போனாலும், ஒரு வீட்டில் நான்கு பேர் மூச்சு விடும் அளவுக்குக் காற்று அதன் வழியே தானாக வரும்படி பொறியாளர் கணக்கிட்டு வைத்தது அது.

மற்ற வீடுகளில் இப்படி ஒரு துளை தேவைப்படாது. கதவிடுக்கு, கூரையிடுக்கு, சன்னல் சட்டத்தின் கோணல் என்று காற்று எங்காவது நுழைந்துவிடும். நம் வீடுகளில் நுழையாது. அதைச் சொல்லித்தான் விற்றோம். ஒரு வேளை சமைத்த சூடு மறுநாள் விடியும்வரை நிற்கும். மின்கட்டணம் மூன்றில் ஒரு பங்காகும். குறைந்த வருமானக்காரரும் குளிருக்குப் பயப்படாமல் படுக்கலாம் என்றோம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பதினோரு ஆண்டுகள் தகரக் கூரையின்கீழ் வாளிகளை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு தூங்கிய நீ, முதல் குளிர்காலத்தில், “அண்ணே, போர்வைய ஒதறிட்டுத் தூங்குறா சுண்டெலி” என்று சொன்னாய். தெருவில் உள்ளவர்கள் தீப்பெட்டி வீடு என்று கேலி செய்தபோது, “ஆமா, தீப்பெட்டிக்குள்ள ஈரம் போகாதுல்ல” என்று திருப்பிக் கொடுத்தாய். அந்த வீடு நல்ல வீடு. அதன் மூக்கை அடைத்து வைத்தது நாங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், நான். (“அறியாமல் செய்த பிழை” – அடித்தல், சுருக்கொப்பம்)

எனக்கு இது தெரிந்தது நேற்று முன்தினம்.

புயல் அடித்த மறுநாள் காலை, எண்பத்தெட்டாம் எண் வீட்டை வாங்கிய செவிலியர் மருத்துவமனையில் வேலை முடிந்து வீடு திரும்பினார். மின்சாரம் இல்லை. நாம் வீட்டோடு கொடுத்த மின்னடுப்பு எரியாததால் அவருடைய கணவர் பழைய மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துப் பற்ற வைத்து, குளிருக்காக அதை அணைக்காமல் விட்டிருக்கிறார். கதவைத் திறந்தபோது மாமியார் சமையலறைத் தரையில் வாந்தியெடுத்துச் சாய்ந்து கிடந்தார். கணவர் கட்டிலில். செவிலியர் என்பதால் அவருக்கு உடனே புரிந்துவிட்டது; இருவரையும் வாசலுக்கு இழுத்துப் போட்டார். வாசனையே இல்லாத நச்சுக்காற்று என்று மருத்துவர் சொன்னாராம். முதலில் தலைவலி, பிறகு தூக்கம் வருவதுபோன்ற சோர்வு, பிறகு எழுந்து கதவுவரை போகவேண்டும் என்ற எண்ணமே வராமல் போய்விடுமாம். மாமியார் பிழைத்துக்கொண்டார். கணவர் இதை எழுதும் நேரம்வரை கண் திறக்கவில்லை.

மேஸ்திரி அங்கே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு, நேரே என் அறைக்கு வந்தார். கையில் அந்த நுரைக்கட்டை. அதை என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், இதத்தான் உங்ககிட்டக் கேட்டேன். போன வருஷம் போன் பண்ணிக் கேட்டேன்.”

அவர் கேட்டது உண்மை. அதன் விவரம் வருமாறு.

முதல் நாற்பத்தெட்டு வீடுகளிலும் குழுவினர் தகட்டைக் கழற்றிக் கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். அப்போது ஒருவர் தம் வீட்டுச் சுவரைத் தாமே வெட்டி அலமாரி வைத்து, மழைநீர் இறங்கி, உத்தரவாதப்படி புதுச் சுவர் கேட்டார். வழக்கில் நாம் தோற்றோம். இனி அப்படி நேரக்கூடாது என்று இயக்குநர் என்னை உத்தரவாதப் பத்திரத்தைத் திருத்தச் சொன்னார். நான் பதினான்காம் பிரிவை எழுதினேன்: தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எதையும், வாங்கியவரோ பொருத்துநரோ வேறெவரோ, எக்காரணத்தாலும் அகற்றினால், அன்றைய தேதியிலிருந்து உத்தரவாதம் முழுவதும் செல்லாது; அகற்றிய ஊழியரே அதற்குப் பொறுப்பாவார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எதிர்த்தரப்பு வக்கீல் விரல் விட்டு நெம்ப ஓர் இடம்கூட இல்லை என்று திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் மேஸ்திரி போனில் அழைத்தார். “சார், சுவத்துல மூடி ஒண்ணு இருக்கு, அதையும் தொடக்கூடாதா?” என்று கேட்டார். பிரிவில் விதிவிலக்கு எதுவும் இல்லை என்று பதில் சொன்னேன். மூடி என்றால் எந்த மூடி, எதற்காக இருக்கிறது, அதை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து, மறுநாளிலிருந்து தகட்டைத் தொடுவதை நிறுத்தினார். தொடாதே என்று மக்களுக்கும் தெரியட்டும் என்று தொழிற்சாலையில் யாரோ சிவப்பு ஒட்டுத்தாளை அச்சடித்து அதன்மேல் ஒட்டினார்கள். எண்பத்தொன்பது வீடுகள். ஆறு ஆண்டுகளில் நான் அந்த வீடுகளில் ஒன்றின் உள்ளேகூடக் கால் வைத்ததில்லை; உன் வீட்டுக்குக்கூட. புதுமனைக்கு வரச் சொல்லி நீ மூன்று முறை கூப்பிட்டாய். வழக்கு இருந்தது.

மேஸ்திரி போகும்போது வாசலில் நின்று இன்னொன்று சொன்னார். “தப்பு என் பேர்லயும் இருக்கு சார். உங்ககிட்டக் கேட்டா பதில் மட்டும்தான் வரும், திரும்பிக் கேள்வி வராதுன்னு நான் புரிஞ்சுக்கலை.”

இப்போது உன் தொலைபேசி அழைப்பைப் பற்றி எழுத வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

இன்றைக்குப் பதினெட்டு நாள் முன்பு நீ அழைத்தாய். இஸ்திரிக் கூடத்தில் இடைவேளை என்று சொன்னாய். பின்னால் நீராவிச் சத்தம் கேட்டது. காலையில் எழுந்ததும் சுண்டெலி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள் என்றாய். சன்னல் கண்ணாடியும் சுவரும் வியர்க்கின்றன என்றாய். “வீட்டுக்கு மூச்சு முட்டுதுண்ணே. அந்தச் சிவப்பு மூடியக் கழட்டிப் பாக்கவா? அதுக்குப் பின்னாடி என்னமோ அடைச்சிருக்கு, தட்டினா வேற மாதிரி சத்தம் வருது” என்றாய். பொறியாளர் கண்டுபிடிக்காததை, மேற்பார்வையாளர் கண்டுபிடிக்காததை, வீட்டைத் துடைத்துப் பெருக்குகிற நீ விரலால் தட்டிக் கண்டுபிடித்தாய்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. “பதினாலாம் பிரிவ எடுத்துப் படி. தொட்டா முப்பது வருஷ உத்தரவாதம் போச்சு. நாளைக்குச் சுவர் பிளந்தா அண்ணன்கிட்ட வந்து அழாதே.” நீ, “அண்ணனா பேசுறீங்களா, கம்பெனி வக்கீலாப் பேசுறீங்களா?” என்று கேட்டாய். ரெண்டும் ஒண்ணுதான் என்றேன். நீ வைத்துவிட்டாய். அன்று மாலை ஒரு செய்தி அனுப்பினாய்: “சரிண்ணே. தொடல.” கூடவே தகட்டின் படம். அதன்பிறகு நான் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். புயலில் உன் பக்கத்துச் செல்போன் கோபுரம் விழுந்துவிட்டதால் மூன்று நாளாக மணியே அடிப்பதில்லை. ஆகவே இது கோபமா, கோபுரமா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்றாவதை எழுதாமல் விடுகிறேன்.

உன் அண்ணியிடம் நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “ஊருக்கெல்லாம் நாலு பக்கம் எழுதுற மனுஷனுக்கு, கொழந்தைக்குத் தலைவலின்னதும் சன்னலைத் தெறந்து வைம்மான்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?” என்று கேட்டாள். இன்று காலை இங்கே வந்து மேஸ்திரியின் பையில் இரண்டு கம்பளிச் சட்டைகளை வைத்தாள். ஒன்று பெரியவளுக்கு, ஒன்று சுண்டெலிக்கு. சின்னதைப் பையில் வைத்தவள், வெளியே எடுத்து, மறுபடி மடித்து வைத்தாள். இப்படி மூன்று தடவை.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்க வேண்டும். கேட்பதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு. உன் ஊருக்கு வரும் பாலம் இடிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இடுப்பளவு நீரில் கடந்து, அப்பால் ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். அது காரணம் இல்லை, நடந்திருப்பேன். நேற்று முன்தினமே நிவாரண அலுவலகத்துக்குப் போனேன். அங்கே நூற்று முப்பத்தொன்று என்று எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஆட்கள் எல்லோரும் வேறு ஊர்களில் மீட்பு வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள்.

உண்மையான காரணம் இதுதான். எண்பத்தொன்பது வீடுகளின் முகவரிகளும் அடங்கிய பதிவேடு ஒன்றே ஒன்று; அது என் அலமாரியில் இருக்கிறது. மேலே இரண்டாம் எண்ணில் நான் குறிப்பிட்ட ஒருவர் எங்கள் இயக்குநர். நேற்று காலை என் அறைக்கு வந்தார். “வக்கீல் சார், ஆய்வறிக்கை வரட்டும். அதுக்கு முன்னாடி நாம எழுதுற ஒவ்வொரு வரியும் குத்தத்த ஒத்துக்கிட்டதா ஆகும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?” என்றார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்லர். ஏழைகளுக்கு வீடு என்று சொந்த நிலத்தை விற்று இந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியவர். செய்தி பரவினால் இனி ஒருவரும் இந்த வீட்டை வாங்கமாட்டார்கள், இருநூறு பேர் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அந்தப் பயமும் நியாயமானதே. பதிவேட்டைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி எழுத்தில் ஆணையிட்டிருக்கிறார்; கெடு இன்று மாலை ஐந்து மணி. நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் பதிவேடு இங்கே இருக்காது. இருந்தால்தான் மீதி வீடுகளைத் தேடிப் போகமுடியும். ஆகவே அலமாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முகவரிகளைக் கையால் படியெடுத்துக் குழுக்களுக்குக் கொடுத்தபடி இருக்கிறேன். பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகத்துக்கும் ஒரு படி போய்விட்டது, என் வாக்குமூலத்தோடு. இனி நான் இந்தத் தொழிலில் இருப்பேனா என்று தெரியாது. அதைப் பற்றி இப்போது யோசிக்க நேரமில்லை.

நேற்றிரவுவரை ஐம்பத்திரண்டு வீடுகளில் கட்டையைப் பிடுங்கியாகிவிட்டது. இன்னும் முப்பத்தேழு. எளிதில் போகக்கூடிய வீடுகளுக்கு முதலில் போவது என்று முடிவெடுத்தது நான். அதில் உன் வீடு கடைசி. முடிந்த வீட்டின் எண்ணைப் பட்டியலில் அடிக்கும்போதெல்லாம், இது நூற்று முப்பத்தொன்றாக இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அந்த வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள் என்பதை அப்போது மறந்தேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை மேஸ்திரி வரிசையைப் பார்க்காமலே, “உங்க தங்கச்சி வீட்டுக்கு நான் போறேன் சார். பேப்பர எழுதுங்க” என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஐம்பத்திரண்டில் இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்றில் ஒரு தையற்காரர். முதல் வாரமே தகட்டைக் கழற்றிவிட்டு, துளையில் பூச்சி வராமல் கொசுவலைத் துணியை அழகாக மடித்துத் தைத்து மாட்டியிருக்கிறார். உத்தரவாதம் போய்விடுமே என்று குழுவினர் கேட்டதற்கு, “உத்தரவாதத்தையா மூக்குல இழுக்க முடியும்?” என்றாராம். இன்னொன்றில் ஒரு பேருந்து நடத்துநர். கழற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் இருக்கத் துளைக்கு முன்னால் ஒரு படத்தை மாட்டி மறைத்திருந்தார். குழுவைக் கண்டதும், “சத்தியமா நான் தொடலைங்க” என்று கும்பிட்டிருக்கிறார். இரண்டு வீட்டிலும் எல்லோரும் நலம். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒப்பந்தத்தை மீறியவர்களுக்கு எதிராக வாதாடி வந்தவன் நான். அவர்கள் இருவரையும் நேரில் கண்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ அவர்களைப் போன்றவள் அல்ல என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. உனக்கு ஏழு வயதில், கடைப்படியில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் வரும்வரை நில் என்று சொல்லிவிட்டு, நண்பனைப் பார்த்த சந்தோஷத்தில் உன்னை மறந்துபோனேன். திரும்பி வந்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தூறலில் நனைந்துகொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி அதே படியில் நின்றாய். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று அதட்டினேன். “நீங்கதானே நிக்கச் சொன்னீங்க” என்றாய்.

நீ அனுப்பிய படத்தை நேற்றிலிருந்து பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு திருகாணிகளில் இடப்பக்கம் கீழே உள்ளதன் தலையில் வண்ணம் பெயர்ந்திருக்கிறது. கத்தி முனையால் திருகிப் பார்த்ததுபோல ஒரு கீறல். அது நீ போட்ட கீறலாக இருக்கலாம். தொழிற்சாலையிலேயே விழுந்ததாகவும் இருக்கலாம். எந்த நீதிமன்றத்திலும் அதைச் சான்றாக ஏற்கமாட்டார்கள், நானே ஆட்சேபித்திருப்பேன். ஆனால் நேற்றிலிருந்து அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்த வேளையில் எண்பத்தெட்டாம் வீட்டுச் செவிலியர் இங்கு வந்தார். சுவருக்குள் என்னென்ன பொருள் இருக்கிறது என்று மருத்துவர் பட்டியல் கேட்டாராம். அதைக் கொடுத்தேன். பிறகு, இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் நின்றுகொண்டே எல்லாத் தாள்களையும் வாசித்தார். “அறியாமல் செய்த பிழைன்னு ஓரிடத்துல எழுதியிருக்கீங்க. மேஸ்திரி கேட்டாரு, உங்க தங்கச்சி கேட்டாங்க. அப்புறம் எப்படி அறியாமல்? அத அடிச்சிடுங்க, போடுறேன்” என்றார். அடித்துவிட்டேன். அடித்தல் தெரியும்படி விட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். கையெழுத்திட்டுவிட்டு அவர் உன் குழந்தைகளின் வயதைக் கேட்டார். பதினொன்று, ஐந்து என்றேன். “வெளிய கூட்டிட்டு வந்ததும் வெந்நீர் எதுவும் குடுக்கவேணாம், காத்தோட்டமா உக்கார வையுங்க, தலைவலி இருந்தா லேசுன்னு விட்டுடாம மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்லுங்க” என்று சொன்னார். இதை அப்படியே செய்.

மேஸ்திரியிடம் இன்னொரு தாளும் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி நீ விசாரிக்க வேண்டியதில்லை. அவர் வந்து சேரும்போது சன்னல் ஒன்று உடைந்திருந்தால் அவரைத் திட்டாதே. தட்டிப் பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்கும் உத்தரவாதம் உண்டு.

பதில் ஒன்று வேண்டும். நீளமாக வேண்டாம். என்னைத் திட்டி எழுதினாலும் போதும். என் தொழிலை, என் வயதை, எதை வேண்டுமானாலும் சொல்லித் திட்டு. உன் கையெழுத்தில் இருந்தால் போதும். எழுத முடியாவிட்டால் பெரியவளை ஒரு கோடு போட்டு அனுப்பச் சொல். மேஸ்திரி நாளை மதியத்துக்குள் திரும்பிவிடுவார். அதுவரை நான் இந்த அறையில்தான் இருப்பேன். சாவியை வாங்கிக்கொண்டாலும் வாசற்படியில் இருப்பேன்.

தங்கச்சி, அந்தப் படத்தை அனுப்பிய மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ, குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், இந்த அண்ணன் யார் எனக்குச் சொல்ல என்று நாற்காலியைப் போட்டு ஏறி, கத்தியோ கரண்டியோ கையில் கிடைத்ததைக் கொண்டு நாலு திருகாணியையும் நீ கழற்றி எறிந்திருக்க வேண்டும். எனக்குச் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

என் சொல்லைக் கேட்காதவளாக, பெரியவளோடும் சுண்டெலியோடும், நீ நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(ஒப்பம்)
காலை மணி பத்து ஐம்பது

சாட்சிகள்:

1. திருப்புளி, பொருத்துநர் குழு மேஸ்திரி
(ஒப்பம்)

2. எண்பத்தெட்டாம் எண் வீட்டின் உரிமையாளர், செவிலியர்
(ஒப்பம்)